வெட்டாத சிப்பாய்

ஃபிரெடி அளவுக்குப் பயப்படுகிற ஆளை நான் தாம்பரத்தில் இதுவரை பார்த்ததில்லை. நாய்க்குப் பயம், லிஃப்டுக்குப் பயம், இடி இடித்தால் பயம். ஜிஎஸ்டி ரோட்டைக் கடக்க வேண்டும் என்றால் ரயில்வே ஸ்டேஷன் நடைமேம்பாலம்வரை நடந்து போய்த்தான் கடப்பான். மின்சார ரயில் பிளாட்பாரத்துக்குள் நுழையும்போது பக்கத்தில் இருக்கிற தூணைப் பிடித்துக்கொள்வான். இருபத்து நாலு வயசு, நல்ல உயரம், மீசை வேறு. இப்படிப்பட்டவன் போயும் போயும் செஸ் ஆட வந்தான். உட்கார்ந்த இடத்திலேயே ஆளைக் கொல்கிற விளையாட்டு அது என்று ஆடியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

நான் சரோஜினி. வார நாட்களில் பல்லாவரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். சனி, ஞாயிறுகளில் செஸ் போட்டிகளில் ஆர்பிட்டர். விதிப்படி ஆட்டம் நடக்கிறதா என்று பார்ப்பது, கடிகாரங்களைக் கவனிப்பது, சண்டை வந்தால் தீர்த்துவைப்பது, இவ்வளவுதான் வேலை. முடிச்சூர் ரோட்டுப் பக்கம் ஒரு சின்ன அப்பார்ட்மெண்டில் ஃபிரெடி வீடு கீழே, எங்கள் வீடு மேலே. மாடிப்படியில் பார்த்தால் நான் அவனுக்கு அக்கா. போட்டி ஹாலுக்குள் வந்துவிட்டால் மேடம். இதில் ஒரு நாளும் அவன் தவறியதில்லை. தவறினால் எங்கே பாயிண்ட் வெட்டிவிடுவேனோ என்று பயம்.

ஆனால் ஆட்டக்காரன் என்றால் அவன் ஆட்டக்காரன்தான். எதிரில் இருப்பவன் எந்தெந்த வழியில் தன்னைக் கொல்ல வரலாம் என்று யோசிப்பதையே முழுநேர வேலையாக வைத்திருந்தான். யாரும் கனவிலும் நினைக்காத ஆபத்துக்குக்கூட முன்கூட்டியே கதவைச் சாத்திவிடுவான். அதனால் பெரிய பெரிய ஆட்களால்கூட அவனைத் தோற்கடிக்க முடியாது. அவனும் யாரையும் அடிக்க மாட்டான். ஜெயிக்கிற நிலைமை வந்தால் இன்னும் அதிகமாகப் பயந்து, டிரா கேட்டுக் கையை நீட்டிவிடுவான். சர்ச் பையன்கள் அவனுக்கு வைத்த பெயர் ‘சமாதானம்’. அது கிண்டல் என்று அவனுக்குப் புரியவே ரொம்ப நாள் ஆனது.

அவன் அப்பா லாசரஸ் அண்ணன், சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறார். கார்களுக்கு இரும்புத் தகட்டில் பாகங்கள் அடித்துக் கொடுக்கிற இடம். ஃபிரெடி ஒன்பதாவது படிக்கும்போது ஒரு நாள் பிரஸ் மிஷினில் அவருடைய வலது கையின் இரண்டு விரல்கள் போய்விட்டன. கட்டுப் போட்ட கையோடு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மனிதர், “இன்னும் எட்டு கீதுடா, இன்னாத்துக்கு அழுவுற?” என்று சிரித்தார். அவர் சிரித்தார், பையன் அன்றோடு சிரிப்பைக் குறைத்துக்கொண்டான். அதற்குப் பிறகு கம்பெனி அவரை வாசல் கேட்டில் காவல் வேலைக்கு மாற்றிவிட்டது. எப்போது பார்த்தாலும் வலது கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டுதான் நிற்பார்.

போன வருஷம் கம்பெனியில் ஒரு பேச்சு வந்தது. இரண்டு வருஷத்தில் லாசரஸ் ரிட்டயர் ஆகப் போகிறார், அவர் மகனை இப்போதே நிரந்தர வேலைக்கு எடுத்துக்கொள்கிறோம், அதே பிரஸ் செக்‌ஷனில். நல்ல சம்பளம், கேன்டீன் சாப்பாடு, வீட்டு வாசலுக்குக் கொஞ்சம் தள்ளி கம்பெனி பஸ் வரும். ஃபிரெடியின் அம்மா ஷீலா அக்கா கடவுள் செய்த நன்மை என்று சர்ச்சில் சாட்சி சொல்கிற அளவுக்குச் சந்தோஷப்பட்டார். ஃபிரெடி ஒரு நாள் மாடிப்படியில் என்னைப் பார்த்து நின்றான்.

“அக்கா, அந்த மிஷின் சத்தத்த நான் கேட்டதே இல்ல. ஆனா தூங்கும்போது கேக்குது. நான் அங்க போனா என் கை போயிடும்கா. எனக்குத் தெரியும்.”

“சும்மா உளறாத. இப்பல்லாம் சென்சார் வச்சிருக்காங்க, கை உள்ள போனா மிஷின் நின்னுடும்” என்றேன். எனக்கு என்ன தெரியும், யாரோ சொன்னதைச் சொன்னேன்.

“சென்சார் வேல செய்யலன்னா?”

கீழே போய் லாசரஸ் அண்ணனிடம் சண்டை போட்டேன். எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. பயந்து நடுங்குகிற பையனை மிஷின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினால் வராத விபத்துகூட வரும் என்று கத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “நீ சொல்றதெல்லாம் சரி டீச்சரம்மா. அப்ப அவனுக்கு வேற இன்னா வேல கீது, நீயே சொல்லு.”

அப்போதுதான் அந்த ஒப்பந்தம் பிறந்தது. மாநில அணியில் இடம் கிடைத்தால் அவனுக்கு இன்னும் ஒரு வருஷம். மாநிலத்துக்காக ஆடியவர்களுக்கு ரயில்வேயிலும் பேங்கிலும் ஸ்போர்ட்ஸ் கோட்டா உண்டு, முயற்சி செய்து பார்க்கட்டும். இடம் கிடைக்காவிட்டால், தேர்வுப் போட்டி முடிகிற ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள், திங்கட்கிழமை காலை, கம்பெனி பஸ். அப்பாவும் மகனும் என் எதிரிலேயே சரி என்றார்கள். பாக்கெட்டுக்குள் இருந்த கையை எடுத்து லாசரஸ் அண்ணன் மகனிடம் நீட்டினார். ஃபிரெடி அந்தக் கையை விரல் நுனியால் தொட்டுவிட்டுத் தன் கையை இழுத்துக்கொண்டான்.

போட்டி குரோம்பேட்டையில் ஒரு காலேஜ் ஹாலில் நடந்தது. முதல் நான்கு பேருக்கு அணியில் இடம். ஃபிரெடி வழக்கம்போல டிராவுக்கு மேல் டிராவாக வாங்கி, எப்படியோ சிலதில் ஜெயித்தும் விட்டு, கடைசி நாளில் நான்காவது இடத்தை ஒட்டி நின்றான். கடைசி ஆட்டத்தில் டிரா செய்தால் போதும், உள்ளே. தோற்றால் வெளியே. வாழ்நாள் முழுக்க டிரா செய்தவனுக்கு இன்னொரு டிரா என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, எதிரில் யார் என்று பார்க்கும்வரை.

எதிரில் ஹரிபிரசாத். நங்கநல்லூர்க்காரர், பேங்கில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சேர்ந்து ஆபீசர் ஆகிவிட்டவர். சட்டையை டக் இன் செய்துகொண்டு பேங்குக்கு வருவதைப் போலவேதான் போட்டிக்கும் வருவார். நல்ல மனிதர், ஆனால் பலகைக்கு முன்னால் தயவு தாட்சண்யம் கிடையாது. அன்றைக்கு அவர் ஜெயித்தால்தான் சாம்பியன். டிரா ஆனால் கோப்பை வேறொருவர் கைக்குப் போய்விடும். பரிதாபப்பட்டு விட்டுக்கொடுப்பார் என்ற பேச்சுக்கே இடமில்லை.

கதவு திறப்பதற்கு முன்பே ஃபிரெடி வந்து வாசலில் நின்றிருந்தான். கூடவே லாசரஸ் அண்ணன். மகன் ஆடுவதைப் பார்க்க அவர் அதுவரை வந்ததே இல்லை. “நாள காலீல பஸ்ல ஏறுவானா, வூட்ல இருப்பானான்னு இன்னிக்குத்தானே தெரியும், அதான் வந்தேன்” என்றார். பார்வையாளர்களுக்குக் கயிறு கட்டியிருந்த இடத்தைக் காட்டி, “அங்கே நில்லுங்கண்ணா, ஒரு வார்த்தை பேசக் கூடாது” என்று மிரட்டி வைத்தேன். அவர் பாக்கெட்டில் கையை விட்டுக்கொண்டு போய் நின்றார்.

ஆட்டம் தொடங்கியதுமே ஃபிரெடியின் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. காயை வைத்துவிட்டுக் கடிகாரத்தை அழுத்தும்போது பக்கத்துக் காய் சாயும், நிமிர்த்தி வைத்து மன்னிப்புக் கேட்பான். அந்தப் போட்டியில் முப்பது நகர்த்தல் முடியும்வரை டிரா கேட்கக் கூடாது என்று விதி. முடிந்ததுமே கேட்டான். ஹரிபிரசாத் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் தலையை ஆட்டிவிட்டார். ஃபிரெடி ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தான், பாதி சட்டையில் சிந்தியது. பிறகு என்னைக் கூப்பிட்டு, “மேடம், பாத்ரூம் போலாமா?” என்றான்.

மதியம் ஆகிவிட்டது. பக்கத்து மேஜைகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. காய்கள் எல்லாம் வெட்டுப்பட்டு, பலகையில் மிஞ்சியது கொஞ்சம்தான். இரண்டு பக்கமும் ஒரு ராஜா, ஒரு யானை. ஹரிபிரசாத்துக்கு இரண்டு சிப்பாய், ஃபிரெடிக்கு ஒன்று. ஒரு சிப்பாய் குறைவுதான், ஆனாலும் அந்த ஒற்றைச் சிப்பாயைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டால் டிரா. அதை அவன் எவ்வளவோ நேரமாகப் பார்த்துக்கொண்டேதான் வந்தான். யானை போகும், திரும்பும். ராஜா ஒரு அடி நகரும், திரும்பும். ஒவ்வொரு தடவையும் விரல் நடுங்கும். கயிற்றுக்குப் பின்னால் நின்ற லாசரஸ் அண்ணனால் பொறுக்க முடியவில்லை. “டீச்சரம்மா, நம்ம பையன் கெலிக்கிறானா?” என்று அந்த ஹாலுக்கே கேட்கிற மாதிரி ரகசியம் பேசினார். நான் முறைத்த முறைப்பில் வாயை மூடிக்கொண்டார்.

அப்போதுதான் அது நடந்தது. ஃபிரெடி ராஜாவை எடுத்து மூலைக் கட்டத்தில் வைத்தான். நிதானமாக வைத்தான். கடிகாரத்தை மெதுவாக அழுத்தினான், எதுவும் சாயவில்லை. கையைப் பார்த்தேன். நடுங்கவில்லை. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, அன்றைக்கு முதல் முறையாக மூச்சை முழுசாக இழுத்து விட்டான்.

நான் பலகையைப் பார்த்தேன். ராஜா மூலைக்குப் போனதும் அவனுடைய அந்த ஒற்றைச் சிப்பாய்க்குக் காவல் இல்லை. ஹரிபிரசாத்தின் யானை அதே வரிசையில் நின்றது. நடுவில் எதுவும் இல்லை. யானை நேராக வந்து சிப்பாயை வெட்டினால் ஆட்டம் முடிந்தது. என் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகூட வெட்டிவிடும்.

திங்கட்கிழமை காலை, கம்பெனி பஸ், அந்த மிஷின், எல்லாம் கண் முன்னால் வந்து போனது. ஆர்பிட்டர் ஆடுகிறவர்களுக்கு உதவக் கூடாது. பேசக் கூடாது, இருமக் கூடாது, முகத்தைக்கூட மாற்றக் கூடாது. நடந்துகொண்டிருக்கும் ஆட்டத்துக்குப் பக்கத்தில் நின்று ஆர்பிட்டர் கண்ணை விரித்தாலே போதும், ஆடுகிறவன் புரிந்துகொள்வான். எந்த ஆர்பிட்டர் எதற்கு எப்படி முழிப்பார் என்பது இவர்களுக்கு மனப்பாடம். எனக்கோ முகத்தில் எதையும் மறைக்க வராது. என் வகுப்புப் பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தே பரீட்சையில் எந்தக் கேள்வி வரும் என்று சொல்லிவிடுவார்கள்.

ஹரிபிரசாத்தின் கை யானையை நோக்கிப் போனது. பாதி வழியில் நின்றது. திரும்பிப் போய் மடியில் விழுந்தது. சிப்பாயைப் பார்த்தார், ஃபிரெடியின் ராஜாவைப் பார்த்தார், பிறகு ஃபிரெடியின் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் பயம் இல்லை. அவனோடு எத்தனையோ முறை ஆடியவருக்கு அது புது முகம்.

அவர் என்ன யோசிக்கிறார் என்று எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது. செஸ்ஸில் ஒரு தந்திரம் உண்டு. ராஜா மூலையில் மாட்டிக்கொண்டு நகர இடமே இல்லாமல் போய்விட்டால், தோற்கிறவன் தன் யானையைத் தானே கொண்டுபோய் வெட்டக் கொடுப்பான். வெட்டினால் அவனுக்கு நகர்த்த எதுவும் இருக்காது, ஆட்டம் டிரா. அதற்காகத்தான் இவன் மூலைக்குப் போனானோ, வேண்டுமென்றே சிப்பாயைத் தூக்கிப் போட்டிருக்கிறானோ என்று அவர் தேடிக்கொண்டிருந்தார். அப்படி ஒரு தந்திரமும் அங்கே இல்லை. ராஜாவுக்குப் பக்கத்திலேயே ஒரு கட்டம் திறந்து கிடந்தது. எனக்கே தெரிந்தது, அவருக்குத் தெரியாமல் இருக்குமா?

அவருடைய கடிகாரத்தில் நேரம் ஓடிக்கொண்டே இருந்தது. இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

நேராக என் முகத்தை. நான் செத்தேன் என்று நினைத்தேன். பார்வையைத் திருப்பினாலும் அர்த்தம், திருப்பாவிட்டாலும் அர்த்தம். ஃபிரெடிக்காகப் பயந்தேன், என் வேலைக்காகப் பயந்தேன், ஒரு நியாயமான ஆட்டத்தை என் மூஞ்சி கெடுத்துவிடப் போகிறதே என்றும் பயந்தேன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அவருடைய கடிகாரத்தையே பார்த்தேன். நேரம் குறைந்துவிட்டால் கடிகாரத்தைப் பார்ப்பது எங்கள் வேலை, அதை யாரும் தப்பு சொல்ல முடியாது. ஏழாம் வாய்ப்பாட்டை மனசுக்குள் சொல்லிக்கொண்டேன், பாதியில் தப்பாகச் சொன்னேன், திரும்ப முதலில் இருந்து ஆரம்பித்தேன்.

ஹரிபிரசாத் யானையைத் தொட்டார். எடுத்தார். சிப்பாயை வெட்டாமல் பின்னால் கொண்டுபோய், தன்னுடைய சிப்பாய்க்குக் காவலாக வைத்தார்.

ஃபிரெடி சாதாரணமாகக் குனிந்து, அந்த ஒற்றைச் சிப்பாயை ஒரு கட்டம் முன்னால் தள்ளினான். சிப்பாய்க்குச் சிப்பாய் வெட்டுப்பட்டது. மிஞ்சியிருந்த ஒரு சிப்பாய்க்கு முன்னால் ஃபிரெடியின் ராஜா வந்து நின்றுகொண்டது, இனி அதை அசைக்க முடியாது. ஹரிபிரசாத் இன்னும் கொஞ்ச நேரம் முயற்சி செய்து பார்த்தார். கடைசியில் அவரே கையை நீட்டினார். “டிரா?”

ஃபிரெடி இரண்டு கையாலும் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான். கடிகாரத்தை நிறுத்தினேன். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

இந்த ஆட்டக்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. இவ்வளவு நேரம் ஒருவரை ஒருவர் கொல்லப் பார்த்தவர்கள், முடிந்ததும் பக்கத்து அறைக்குப் போய், அதே காய்களை மறுபடி அடுக்கி, எங்கே யார் தப்பு செய்தது என்று சேர்ந்தே பேசிக்கொண்டிருப்பார்கள். ஹரிபிரசாத் காய்களை அடுக்கினார். ஃபிரெடி எதிரே உட்கார்ந்தான், முகமெல்லாம் சிரிப்பு. ஆட்டம் முடிந்துவிட்டதால் லாசரஸ் அண்ணனையும் உள்ளே விட்டேன்.

“அந்தக் கிங் மூவ் சூப்பர் ட்ராப் ஃபிரெடி” என்றார் ஹரிபிரசாத். “நான் அந்தச் சிப்பாயை எடுத்திருந்தா நீ என்ன பண்ணியிருப்ப? அதை மட்டும் சொல்லு, என்னால கண்டுபிடிக்கவே முடியல.”

“எந்தச் சிப்பாய் சார்?”

ஹரிபிரசாத் சிரித்தார், விளையாடுகிறான் என்று நினைத்து. யானையை எடுத்து நேராகக் கொண்டுவந்து சிப்பாயை வெட்டிக் காட்டினார். “இது.”

ஃபிரெடி பலகையைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். ராஜாவைத் தொட்டான், யானையைத் தொட்டான், கையை எடுத்துவிட்டான். சிரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை.

“நீ பார்க்கவே இல்லையா?” ஹரிபிரசாத்தின் குரல் மாறிவிட்டது.

“இல்ல சார். மூலைக்குப் போயிட்டா சேஃப்னு நெனச்சேன். அப்பாடான்னு இருந்துச்சு.”

ஹரிபிரசாத் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். கோப்பை போன மனுஷர். கோபப்படுவார் என்று பார்த்தேன், படவில்லை. “இந்த ஸ்கொயர் ஓப்பனா இருக்குன்னு நானும்தான் பார்த்தேன்” என்றார், ராஜாவுக்குப் பக்கத்துக் கட்டத்தைக் காட்டி. “வேற யாரு முன்னாடி உட்கார்ந்திருந்தாலும் யோசிக்காம எடுத்திருப்பேன். இத்தனை வருஷத்துல நீ ஒரு சிப்பாயைச் சும்மா விட்டு நான் பார்த்ததே இல்ல. அதுவும் உன் கை நடுங்கவே இல்ல. எனக்குப் பயம் வந்துடுச்சுப்பா.”

“என்னப் பார்த்தா சார்?”

“பின்ன யாரைப் பார்த்து?”

ஃபிரெடி என்னைத் திரும்பிப் பார்த்தான், இது உண்மையா என்று கேட்கிற மாதிரி. நான் தலையாட்டினேன். அவன் மறுபடி பலகையைப் பார்த்தான், வெட்டுப்பட்ட அந்தச் சிப்பாய் ஓரத்தில் கிடந்தது. அதை எடுத்து இருந்த இடத்திலேயே வைக்கப் பார்த்தான், முடியவில்லை. விரல்கள் ஆடின. மணிக்கட்டு ஆடியது, தோள்வரை ஏறியது. சிப்பாய் கையிலிருந்து நழுவித் தரையில் உருண்டது. இரண்டு கையையும் முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டான், அப்போதும் நிற்கவில்லை.

லாசரஸ் அண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை. “இன்னா டீச்சரம்மா, அதான் முடிஞ்சிருச்சே? டீம்ல எடம் கெடச்சிருச்சின்னு வெளிய சொன்னாங்களே? இப்ப இன்னாத்துக்கு இப்பிடி நடுங்குறான்?”

“கிடைச்சிடுச்சுண்ணா. நடுவுல ஒரு தடவ தோத்திருப்பான். அது அவனுக்கு இப்பத்தான் தெரியுது.”

அவர் ஒரு நாற்காலியை இழுத்து மகனுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார்.

“எனக்கும் அப்பிடித்தான்” என்றார். “மிஷின்ல போனப்ப ஒண்ணியும் தெர்ல. ஆஸ்பத்திரில தெர்ல. சிரிச்சிகினுதான் வூட்டுக்கு வந்தேன், உனக்கு நாபகம் கீதா? மறாநா காலீல சட்டைக்குப் பட்டன் போடப் போனேன். அப்பதான் நடுங்கிச்சி. உங்க அம்மா வந்து போட்டு வுட்டா. நீ அப்ப இஸ்கோல் போயிட்ட.”

இதை அவர் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை என்று நினைக்கிறேன். ஃபிரெடி நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தான். லாசரஸ் அண்ணன் பாக்கெட்டிலிருந்து வலது கையை எடுத்தார். மூன்று விரல்களால் மகனின் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்தார். இந்த முறை ஃபிரெடி கையை இழுத்துக்கொள்ளவில்லை.

“நாளிக்கு கம்பெனி பஸ்ஸு வரும்” என்றார். “நான் ஏறிக்கிறேன். நீ தூங்கு.”